அஞ்சு நிமிஷம்

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அவள் ஆராய்ச்சிக் கட்டடத்தின் பின்வாசலில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினாள். பளிச்சென்ற வெயில். புல்வெளியில் இரண்டு பேர் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் சிரித்துவிட்டுப் போகிற மாதிரியான பகல்.

தோளில் வழக்கமான பை. ஒரு அறையில் லேப் நோட்டு, இன்னொன்றில் கேமரா. நாலரை வருஷமாக அந்தப் பை அப்படித்தான். அவளுடைய நாளே டைமரால் நறுக்கப்பட்டது. புரதத்தைப் பிரிக்கிற ஜெல் ஓடுகிற ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருவாள். செல்கள் வளர்கிற நாற்பது நிமிஷத்தில் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களின் கைகளை மட்டும் படமெடுப்பாள். சட்டைப்பையில் டைமர் கத்தியதும் யாரோ காதைத் திருகி இழுத்தமாதிரி லேபுக்கு ஓடுவாள். அங்கே அவளுக்குப் பெயர் 'போட்டோ'. சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிவந்தால் பாதிப் பேருக்கு ஆள் அடையாளமே தெரியாது.

படிக்கட்டில் டெக்னீஷியன் அண்ணன் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வா போட்டோ. மூணு மாசமா கீழ்த்தளத்துப் பக்கம் எட்டியே பாக்கல. இன்னிக்கு என்ன அதிசயம்?"

"கைடு மேடம் ரிசல்ட் கேட்டா குடுத்துத்தானே ஆகணும்ணே. மேல இருக்கிற படமெடுக்கிற மெஷின் வேற படுத்துக்கிச்சு."

"அது என்னிக்கு எழுந்து நின்னுச்சு, இப்பப் படுக்கிறதுக்கு?" சிரித்துக்கொண்டே ஒரு சாவியைக் கழற்றினார். "கோல்டு ரூமுக்குப் புதுக் கைப்பிடி போட்டாச்சு, பாத்தியா? இப்ப உள்ளேர்ந்து சுண்டுவிரலால தள்ளினாக்கூடத் தெறந்துக்கும்."

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு அப்படியே வடிந்துபோனது. சாவியை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

அவள் கீழே இறங்கினாள்.

கீழ்த்தளத்தில் ஒரே ஒரு நடைபாதை. ஒரு பக்கம் முழுக்கச் சுவர். மறுபக்கம் மூன்று கதவுகள். முதலாவது சாமான் அறை. இரண்டாவது கோல்டு ரூம். நாலு டிகிரிக் குளிரில் புரதங்களை வைத்து வேலை பார்க்கிற, ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய குளிர் அறை. மூன்றாவது இருட்டறை. எக்ஸ்ரே பிலிம் கழுவுவதற்காக அந்தக் காலத்தில் கட்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். இருட்டறைக்குள் நின்று இடது பக்கம் கை வைத்தால் சுவர் ஜில்லென்று இருக்கும்.

அந்த லேபில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. இருட்டறைக் கதவை யாரும் சட்டென்று திறக்கக் கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே போனால் யாருடைய ஒரு வார உழைப்போ கருகிப்போகும். ஆகவே மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் "அஞ்சு நிமிஷம்!" என்று குரல் வரும். பத்து நிமிஷ வேலையோ, ஒரு மணி நேர வேலையோ, பதில் மட்டும் அஞ்சு நிமிஷம்தான். கல்யாணத்துக்கு எப்போது என்று கேட்டாலும், ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்டாலும் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வது அதைத்தான். தட்டியவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போவார். இதில் யாருக்கும் கோபம் கிடையாது.

இந்தப் பழக்கம்தான் ஓர் உயிரைக் குடித்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

செத்துப்போனவளை எல்லோரும் 'ஐஸ் அக்கா' என்று கூப்பிட்டார்கள். லேபில் இரண்டு வருஷம் மூத்தவள். புரதம் பிரித்தெடுப்பதில் கைகாரி. ஆகவே பாதி நாள் கோல்டு ரூமில்தான் குடித்தனம். வெளியே வரும்போது மூக்கு சிவந்து, விரல்கள் வெளுத்து, டீ டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நிற்பாள். போட்டோவுக்கு ஜெல் ஊற்றக் கற்றுக்கொடுத்தவள் அவள். போட்டோ கேமராவோடு வெளியே போய்விட்டு நேரத்துக்கு வராத நாட்களில், சத்தம் காட்டாமல் அவளுடைய டைமரை அணைத்து, அவளுடைய தட்டுகளைக் கழுவி எடுத்து வைத்துவிடுவாள். "உன் வேலைய நான் பாத்தாச்சு. என்னை ஒரே ஒரு நல்ல படம் எடுத்துக் குடு, கணக்கு தீந்துச்சு" என்பாள்.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் கோல்டு ரூமிலிருந்து வெளியே வந்த நிமிஷத்தில் போட்டோ அந்தப் படத்தை எடுத்தாள்.

"ஏய், எடுக்காதடி. மூக்கு தக்காளி மாதிரி இருக்கும்."

"கருப்பு வெள்ளைக்கா. மூக்கெல்லாம் தெரியாது."

"அப்ப சரி. அழகா எடு. அம்மா என் போட்டோ கேட்டுக்கிட்டே இருக்காங்க." முழுப் பல்லும் தெரியச் சிரித்தாள். கை கோல்டு ரூம் கதவின் மேல் சும்மா ஊன்றியிருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. கட்டடம் காலி. டெக்னீஷியன் அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் என்று லீவு. போட்டோ இருட்டறையில் தன் சொந்த பிலிம் சுருளைக் கழுவ வந்திருந்தாள். மாலையில் ஒரு கண்காட்சிக்குப் படம் கொடுக்க வேண்டும், அதற்குக் கடைசி நாள். சிவப்பு விளக்குகூட ஆகாது. கும்மிருட்டில், விரலால் தடவித்தடவிச் சுருளை வளையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

டொக். டொக். டொக்.

"அஞ்சு நிமிஷம்!" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மூன்று. இந்தத் தடவை வேகமாக.

"அட, அஞ்சு நிமிஷம்ங்கறேன்ல!" எரிச்சலோடு கத்திவிட்டு, பதிலுக்குப் பக்கத்துச் சுவரில் முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தினாள்.

மூன்றாவது தடவை மெதுவாக வந்தது. டொக். டொக். டொக். பிறகு நின்றுவிட்டது.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது நடைபாதையில் யாரும் இல்லை. யாரோ பொறுமை இழந்து போய்விட்டார்கள் என்று நினைத்தாள். ஈரம் காய்ந்த பிலிமைச் சுருட்டிக்கொண்டு, கண்காட்சிக்குப் படம் கொடுக்கிற நேரம் முடிவதற்குள் ஓடினாள். கோல்டு ரூமுக்கு வெளியே ஆணியில் ஐஸ் அக்காவின் கனத்த ஜாக்கெட் தொங்கியதைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் கோல்டு ரூமைத் திறந்தார்கள்.

கதவின் உள்பக்கப் பிடி பல நாளாகவே சரியில்லை. எல்லோரும் கதவிடுக்கில் ஒரு ரப்பர் கட்டையைச் செருகிவிட்டு உள்ளே போவார்கள். அன்றைக்குக் கட்டை நழுவியிருக்கிறது. இரண்டு நிமிஷ வேலைதானே என்று ஜாக்கெட்டைக்கூடப் போடாமல் போயிருக்கிறாள். போன் மேலே மேஜையில். கத்தினால் விசிறிகளின் இரைச்சல் விழுங்கிவிடும். ஆகவே சுவரில் தட்டியிருக்கிறாள். இருட்டறைப் பக்கத்துச் சுவரில்.

அவளுடைய வலது கை விரல் கணுக்களில் தோல் உரிந்திருந்தது. அந்தச் சுவரோரமாகக் கால்களை மடக்கி, சுவரில் காதை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்கிற மாதிரி.

விசாரிக்க வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். போட்டோ, "நான் மத்தியானமே போயிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அக்காவின் அம்மா போனில் அதையேதான் கேட்டாள். முதல் வாரம் கேட்டாள். இரண்டாவது மாதம் கேட்டாள். நேற்றும் கேட்டாள்.

"டாக்டர் சீக்கிரமே மயங்கியிருப்பான்னு சொன்னாரு கண்ணு. ஆனா அவ சும்மா இருக்கிற பொண்ணா? தட்டியிருப்பாளே. யாருக்குமே கேக்கலையா?"

"இல்லம்மா. அந்தச் சுவரெல்லாம் ரொம்பக் கனம்."

"சரிம்மா. நீ எடுத்த போட்டோ ஒண்ணு இருக்குன்னு சொன்னியே. அதையாவது அனுப்பு. நானும் கேட்டுக்கேட்டு..."

அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. மேடமும் அதே நாளில் கூப்பிட்டனுப்பியிருந்தார். ஐஸ் அக்கா கடைசியாகப் பிரித்தெடுத்த புரதத்தை மறுபடி சோதித்து பிலிமில் காட்டினால் கட்டுரை வெளியாகும், போட்டோ ஆய்வேட்டை முடிக்கலாம். "அவ பேரும் வரும்மா. அவளுக்கு நாம செய்யக்கூடியது அதுதான்." அது வராமல் அவள் அந்த லேபை விட்டு நகர முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இருட்டறைக்குள்தான் போனது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. மருந்துத் தண்ணீரின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. மூன்று மாதமாகத் திறக்காத அறைக்குரிய ஈரமான மக்கல் வாசம். மூலையில், அவள் யாரையும் கேட்காமல் கொண்டுவந்து வைத்த பழைய படம் பெரிதாக்கும் கருவி, துணி போர்த்தி நின்றது. இடது சுவரை அவள் பார்க்கவில்லை.

முதலில் லேப் வேலை. புரதம் ஒட்டிய மெல்லிய தாளை ஒரு தட்டைப் பெட்டிக்குள் வைத்து, அதன் மேல் எக்ஸ்ரே பிலிமைப் போட்டு மூடினாள். புரதம் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் மினுங்கும், பிலிமில் கறுப்புக் கோடாக விழும். அதற்கு அஞ்சு நிமிஷம். நிஜமான அஞ்சு நிமிஷம். டைமரை அழுத்தினாள்.

அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அம்மா கேட்ட படத்தை அச்சிடத் தொடங்கினாள். பிலிமைக் கருவியில் செருகி, தாளின் மேல் நொடி எண்ணி வெளிச்சத்தை விட்டு, தாளை மருந்துத் தட்டில் நழுவவிட்டாள். இடுக்கியால் மெல்ல ஆட்டினாள்.

வெள்ளைத் தாளில் முதலில் கதவு வந்தது. கோல்டு ரூம் கதவு, அதன் இரும்புச் சட்டம், திருகாணிகள். பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு தோள். தலைமுடி.

முகத்துக்காகக் காத்திருந்தாள்.

முகம் வரவில்லை.

தாளில் ஐஸ் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜாக்கெட் இல்லை. மெல்லிய பருத்திச் சட்டை. வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, விரல்கள் முஷ்டியாக மடங்கி. தட்டப் போகிற கை.

இடுக்கி தட்டுக்குள் விழுந்தது.

வேறு பிலிமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு நாள் எடுத்ததாக இருக்கும். ஆனால் அப்படி ஒரு படத்தை அவள் எடுக்கவே இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். படமெடுக்கிறவளுக்குத் தான் அழுத்திய பொத்தான் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கும்.

டைமரைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷம் என்று காட்டியது. ஒரு நொடிகூடக் குறையவில்லை.

டொக்.

இடது சுவர்.

டொக். டொக்.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். குழாயாக இருக்கும். குளிர் இயந்திரமாக இருக்கும்.

டொக். டொக். டொக்.

அவள் கதவுக்குப் பாய்ந்து தாழைப் பிடித்து இழுத்தாள். தாழ் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். இரும்பு ஜில்லென்று விரலில் ஒட்டிக்கொண்டது, ஐஸ் பெட்டியின் ஓரம் ஈரக் கையில் ஒட்டுகிற மாதிரி. கையைப் பிய்த்து எடுத்தபோது வாயிலிருந்து புகை வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அவளுடைய மூச்சுக்காற்றே அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே! டெக்னீஷியன் அண்ணே!"

கத்தினாள். சத்தம் பஞ்சில் குத்தின மாதிரி அறைக்குள்ளேயே அமுங்கியது. கதவில் அடித்தாள். மூன்று அடி. காத்திருந்தாள். மறுபடி மூன்று.

அப்போது பதில் வந்தது. கதவுக்கு வெளியிலிருந்து அல்ல. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவசரமாக, உற்சாகமாக, கொஞ்சம் எரிச்சலோடு, ஒரு பெண் குரல்.

"அஞ்சு நிமிஷம்!"

அது அவளுடைய சொந்தக் குரல்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியவில்லை. டைமர் அதே அஞ்சு நிமிஷத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. பிறகு நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. சாவிக்கொத்தின் சலசலப்பு. உலகத்திலேயே அவ்வளவு இனிமையான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

கதவு தட்டப்பட்டது. நிஜமான கதவு, நிஜமான கை.

"போட்டோ? கூப்பிட்டியா? என்னமோ தட்டுற மாதிரி கேட்டுச்சே."

அவள் வாயைத் திறந்தாள்.

"அஞ்சு நிமிஷம்!"

குரல் அவளுடைய தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. அறைக்கு உள்ளேயிருந்து. அவளுடைய உதடு அசையவே இல்லை.

வெளியே அண்ணன் சிரித்தார். "உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா! நான் மேல டீ குடிச்சிட்டு வர்றேன்."

"போகாதீங்கண்ணே! நான் இல்லண்ணே அது! போகாதீங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். காற்றுதான் வந்தது. செருப்புச் சத்தம் படியேறிப் போனது. ஒவ்வொரு படியையும் எண்ணினாள். பதினெட்டு. பிறகு மேல் கதவு சாத்துகிற சத்தம்.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தோளுக்குப் பின்னால் யாரும் மூச்சு விடவில்லை. ஆனால் குளிர் இருந்தது. திறந்துவைத்த ஐஸ் பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாதிரி, ஆள் உயரத்துக்கு, ஆள் அகலத்துக்கு மட்டும் குளிர்.

பல் தந்தியடித்தது. கால் விரல்கள் மரத்து, அவை தன்னுடையவை இல்லை என்று ஆனது. அவள் முழங்காலை மடக்கிக் கட்டிக்கொண்டாள். கொஞ்சமாவது சத்தம் கேட்காதா என்று சுவரில் காதை வைத்தாள். வைத்த பிறகுதான் தான் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது.

அதே சுவரோரம். கால்களை மடக்கி. சுவரில் காதை வைத்து.

மூன்று மாதமாக அவள் தனக்குச் சொல்லிவந்தது ஒன்றுதான்: அக்கா சீக்கிரமே மயங்கியிருப்பாள். இப்போது தெரிந்தது, மயங்கவில்லை என்று. சுவருக்கு அந்தப் பக்கம் தனக்குத் தெரிந்த குரல் கேட்டதும் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தெரிந்தது. போட்டோதான், வந்துவிடுவாள் என்று தட்டுவதை நிறுத்தியிருக்கிறாள். தட்டித்தட்டி அவளுடைய பிலிமைக் கெடுக்க வேண்டாம் என்றுகூட நினைத்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். பிறகு காத்திருந்திருக்கிறாள். அஞ்சு நிமிஷம். இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்.

"அக்கா," என்றாள் போட்டோ. இந்த முறை குரல் வந்தது, கிசுகிசுப்பாக. "எனக்குக் கேட்டுச்சுக்கா."

குளிர் அசையவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு. மூணு தடவையும் கேட்டுச்சு. கதவுலதான் தட்டுறாங்கன்னு நெனச்சேன். வெளிய வந்தப்புறம் உன் ஜாக்கெட்டையும் பாத்தேன். ஒரு எட்டு வெச்சு உன் கதவத் தெறந்து பாத்திருக்கலாம். கண்காட்சிக்கு நேரம் போயிடும்னு ஓடிட்டேன். உங்க அம்மாகிட்டப் பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். இன்னிக்கே சொல்லிடறேன்க்கா. என்னை விட்டுடு. நான் சொல்லிடறேன்."

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு டைமர் கத்தியது.

அதே நேரத்தில் கதவு திறந்துகொண்டது. நடைபாதை வெளிச்சம் முகத்தில் அறைந்தது. டெக்னீஷியன் அண்ணன் பதறிப்போய் நின்றார்.

"என்ன பொண்ணு நீ! மணி ஆறாகப் போகுது. பூட்டிட்டுப் போகலாம்னு வந்தா... ஐயோ, என்ன இப்படி வெறைச்சுப் போயிருக்கே?"

"தாழ்... தாழ் தெறக்கலண்ணே."

"தாழா?" அவர் கதவைப் பார்த்தார். "நீ தாழ் போடவே இல்லையே. நான் சும்மா தள்ளினேன், தெறந்துக்கிச்சு. ரெண்டு தடவை வந்து தட்டினேன் தெரியுமா. ரெண்டு தடவையும் அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு விரட்டினியே."

"நான் சொல்லலண்ணே."

அவர் அவளையே பார்த்தார். பிறகு இடது சுவரைப் பார்த்தார். தன் சட்டை மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டார்.

தட்டில் கிடந்த தாளை அவள் எடுத்துப் பார்த்தாள். கோல்டு ரூம் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, முழுப் பல்லும் தெரிய, ஐஸ் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கருப்பு வெள்ளையில் மூக்கு சிவந்தது தெரியவில்லை.

அண்ணனை உள்ளேயே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, எக்ஸ்ரே பிலிமையும் மருந்தில் முக்கி எடுத்தாள். ஐந்தரை மணி நேரம் பெட்டியில் கிடந்த பிலிம் கரியாகக் கறுத்திருக்க வேண்டும். கோடு மட்டும் கச்சிதமாக, இருக்க வேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. சரியாக அஞ்சு நிமிஷத்துக்கு உரிய கறுப்பு.

அன்று சாயங்காலமே அவள் அக்காவின் அம்மாவுக்குப் போன் செய்தாள். வாக்கியங்களை மனசுக்குள் ஒழுங்காக அடுக்கிவைத்திருந்தாள். பேசத் தொடங்கியதும் எல்லாம் கலைந்தது. கலைந்தபடியே சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

மறுமுனையில் அழுகை வரும், சாபம் வரும் என்று காத்திருந்தாள். அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை தடவை தட்டினா?"

"மூணு மூணா, மூணு தடவைம்மா."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டல."

"நீ வருவேன்னு நம்பியிருப்பா." ஒரு பெருமூச்சு. "போட்டோவ அனுப்பிவை."

அவ்வளவுதான். போன் வைக்கப்பட்டது. அவள் விசாரித்தவர்களிடமும் போய்ச் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். மேடம், "கட்டுரையில அவ பேர் முதல்ல வரட்டும்" என்று மட்டும் சொன்னார். படத்தை அட்டைக்கு நடுவில் வைத்துத் தபாலில் அனுப்பினாள். கேமராவைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். தன் அறையின் கதவுகளை மூடுவதை விட்டுவிட்டாள். யார் எந்தக் கதவைத் தட்டினாலும், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய்த் திறந்தாள். லேபில் யாரும் இப்போது அஞ்சு நிமிஷம் என்று சொல்வதில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மாவே கூப்பிட்டாள்.

"போட்டோ வந்துச்சு கண்ணு. நல்லா எடுத்திருக்கே. கண்ணாடி போட்டு அவ ரூம் சுவத்துல மாட்டியிருக்கேன்."

"சரிம்மா."

"இன்னொண்ணு கேக்கணும் உன்கிட்ட." அம்மாவின் குரல் தணிந்தது, பக்கத்தில் யாரோ தூங்குகிறபோது பேசுகிற மாதிரி. "மாட்டின நாள்லேர்ந்து தட்டுறா. படத்துக்குப் பின்னாலேர்ந்து. மூணு மூணா. நான் உடனே எழுந்து ஓடறேன். இதோ வந்துட்டேன்மாங்கறேன். வீட்டுல இருக்கிற கதவெல்லாம் தெறந்து வெச்சிருக்கேன். பீரோவக்கூடத் தெறந்து போட்டிருக்கேன். அப்பவும் நிக்கல."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்த இடம் உனக்குத்தானே தெரியும். எந்தக் கதவத் தெறக்கணும்னு மட்டும் சொல்லிடும்மா. நான் தெறந்துடறேன்."

போனுக்குள், எங்கோ தூரத்தில், சுவரில் விரல் கணுக்கள் படுகிற சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக்.

"கேட்டியா?" என்றாள் அம்மா. "இப்பக்கூட..."

போட்டோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள், தனியாக இருக்கிற அந்த அம்மாவுக்கு மிக அருகிலிருந்து, அவசரமாக, உற்சாகமாக, கொஞ்சம் எரிச்சலோடு, போட்டோவின் சொந்தக் குரல் போனில் அவளுக்கே கேட்டது.

"அஞ்சு நிமிஷம்!"